வன்னியின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும்: பகலில் சபைக் கதவைத் திறந்து வையுங்கள்

அன்புள்ள போதகர்களே, சபை மூப்பர்களே,

கிறிஸ்துவின் நாமத்தில் உங்களை வாழ்த்துகிறேன். ஏ ஒன்பது வீதியின் இரு பக்கத்திலும், பரந்தன் முல்லைத்தீவு வீதி நெடுகிலும், உள்ளே குளக்கட்டுகளுக்குக் கீழே உள்ள கிராமங்களிலும் சபை நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு சபையையோ ஒரு போதகரையோ மனதில் வைத்து எழுதவில்லை. நான் ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவள். வேதாகமக் கல்லூரிக்குப் போனவள் அல்ல. ஆனால் இந்த மண்ணில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, சபையிலேயே வளர்ந்து, சபையை நேசிக்கிறவள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

எங்கள் சபைகளில் ஆண்டவருக்காகச் செய்கிற வேலை பெருகிவிட்டது. ஆண்டவரோடு சும்மா இருப்பதற்கு இடம் குறைந்துவிட்டது. அதனால் சபையை விட்டு முதலில் நழுவிப் போகிறவர்கள் யார் என்று பார்த்தால், ஆண்டவர் இல்லாமல் ஒரு நாளைக் கூடக் கடத்த முடியாதவர்கள்தான். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் லட்சக்கணக்கான சனம் முட்கம்பிக்குள் இருந்தபோது, உங்களில் பலரும் எங்களோடு அதே தறப்பாளுக்குக் கீழேதான் படுத்தீர்கள். தண்ணீர் வரிசையில் நின்றீர்கள். செத்துப்போனவர்களுக்கு ஜெபம் செய்ய ஆளில்லாத இடத்தில் நின்று ஜெபித்தீர்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, பற்றைக் காடாகக் கிடந்த காணிகளில் நான்கு தடி நட்டுத் தகரம் போட்டு ஆராதனை தொடங்கினீர்கள். பழைய சைக்கிளில் வீடு வீடாக வந்தீர்கள். பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் கொண்டு வந்தீர்கள். அதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது.

போரின் கடைசி மாதங்களை நல்ல நாட்கள் போல யாரும் பேசக் கூடாது. அப்படியான நாட்கள் எந்தச் சனத்துக்கும் வரக் கூடாது. ஆனாலும் அங்கே ஜெபம் எப்படி இருந்தது என்பதை நாங்கள் மறந்துவிடக் கூடாது. மாத்தளனிலும் பொக்கணையிலும் கடல் மணலைத் தோண்டி, சேலையைக் கிழித்துப் பை தைத்து, மண் நிரப்பி அடுக்கி, அதற்குள் குந்தியிருந்தோம். பக்கத்தில் செல் விழுந்தால் மணல் சரியும். அதற்குள் ஜெபம் என்றால் ‘ஆண்டவரே’ என்ற ஒரு சொல்தான். அதற்கு மேல் வாய் வராது. பக்கத்தில் இருந்த சைவக்கார அம்மா ‘முருகா, முருகா’ என்று சொல்லிக்கொண்டே எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொள்வார். அங்கே ஒருவரும் ஒருவருடைய விசுவாசத்தை அளந்து பார்க்கவில்லை. சத்தமாக ஜெபித்தவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவரும் ஒரே மாதிரித்தான் கடவுளுக்கு முன்னால் இருந்தார்கள். அவர் எங்களோடு இருந்தாரா என்று கேட்டால், இருந்தார் என்று சொல்வேன். அப்படியென்றால் ஏன் இத்தனை பேரைக் காப்பாற்றவில்லை என்ற கேள்வியும் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே அவரிடம் வைத்திருக்கிறேன். அவர் இதுவரை என்னைத் துரத்தவில்லை.

இப்போது எங்கள் ஒரு கிழமையை எடுத்துப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை. செவ்வாய் வீட்டுக் கூட்டம். வெள்ளி உபவாச ஜெபம். சனி பாடல் பயிற்சி. மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம். இடையிடையே மைதானத்தில் மேடை போட்டு மூன்று நாள் பெருவிழா. இதில் எதையும் தனியாக எடுத்துப் பிழை சொல்ல முடியாது, எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் வருகிறவர் நல்ல விசுவாசி, வராதவர் பின்மாற்றக்காரர் என்ற ஒரு கணக்கு எங்களுக்குள் வந்துவிட்டது. யாரும் அதை எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். ‘இந்தக் கிழமை ஏன் வரவில்லை’ என்ற கேள்வி, ‘எப்படி இருக்கிறாய்’ என்ற கேள்விக்கு முன்னால் வருகிறது. உபவாசம் எத்தனை நாள், அந்நியபாஷை வந்ததா, கண்ணீர் வந்ததா, கை உயர்ந்ததா என்று ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்க்கிறோம். இவ்வளவு கண்களுக்கு நடுவில் நிற்கிற ஒரு பெண் ஆண்டவரை எப்படி நினைப்பாள்? தான் எப்படித் தெரிகிறேன் என்றுதான் நினைப்பாள்.

சாட்சி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் சாட்சிகளுக்கு ஒரு வடிவம் வந்துவிட்டது. கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், போதகர் கை வைத்தார், கர்த்தர் அற்புதம் செய்தார், அல்லேலூயா. அப்படி நடந்தவர்கள் சொல்லட்டும், நானும் சேர்ந்து கை தட்டுகிறேன். ஆனால் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் கொட்டகை போட்டு, காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டு உட்கார்ந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். நாலு நாள் கழித்து வவுனியாவிலும் உட்கார்ந்தார்கள். மகனையும் மகளையும் கணவனையும் தங்கள் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். பதில் கிடைக்காமலே கண்ணை மூடியவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எங்கள் சபைகளின் விசுவாசிகள். அந்தத் தாய் மைக்கைப் பிடித்தால் என்ன சொல்வாள்? ‘கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், இன்னும் காத்திருக்கிறேன்’ என்றுதான் சொல்ல முடியும். அதை நாங்கள் சாட்சியாக ஏற்றுக்கொள்வதில்லை. ‘விசுவாசத்தோடு அறிக்கை செய்யுங்கள் அம்மா, மகன் வருவான்’ என்று ஒருவர் சொல்கிறார். ‘அதைக் கர்த்தரிடம் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள்’ என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டுமே அவளுடைய வாயை மூடுகிற பேச்சு. முதலில் கடைசி வரிசைக்குப் போவாள். அப்புறம் வாசல் பக்கத்தில் நிற்பாள். அப்புறம் வரமாட்டாள். அவளுடைய பெயரை ஜெபக் குறிப்பில் ‘பின்மாற்றம்’ என்ற தலைப்புக்குக் கீழே நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மனம் எரிந்தது.

வேதத்தில் இதே நிலைமையில் ஒரு பெண் இருக்கிறாள். உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. சீலோவில் பிள்ளையில்லாத அன்னாள் ஜெபிக்கிறாள். உதடுகள் மாத்திரம் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி வாசல் நிலையருகே ஆசனத்தில் உட்கார்ந்து அவள் வாயைக் கவனிக்கிறான். எத்தனையோ பேர் ஜெபிப்பதைப் பார்த்த மனிதன். இவள் ஜெபிக்கிற விதம் அவன் பார்த்துப் பழகிய விதத்தில் இல்லை. அதனால் குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, ‘நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?’ என்று அதட்டுகிறான். அவள் கோபிக்கவில்லை. ‘நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ’ என்கிறாள். கர்த்தருடைய சந்நிதியில் தன் இருதயத்தை ஊற்றிவிட்டதாகச் சொல்கிறாள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது சாமுவேல் பிறந்ததைத்தான் நாங்கள் பெரிதாகப் பிரசங்கிக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, ஏலி மாறுகிறான். தான் பிழையாக விளங்கிக்கொண்டதை அவள் வாயிலிருந்து கேட்டதும், அதற்கு மேல் பேசாமல் ‘சமாதானத்துடனே போ’ என்று ஆசீர்வதிக்கிறான். அவளிடம் வேறு விதமாக ஜெபிக்கச் சொல்லவில்லை. இரண்டு, அவள் எழுந்து போய்ச் சாப்பிடுகிறாள். அதற்குப் பிறகு அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. கருவே தரிக்கவில்லை. கேட்டது கையில் வருவதற்கு முன்பே அவளுக்குச் சோறு இறங்குகிறது. அவருடைய சமுகத்தில் இருதயத்தை ஊற்றிய பெண்ணுக்கு அவரிடமிருந்து ஏதோ கிடைத்துவிட்டது. அதை அற்புதப் பட்டியலில் சேர்க்க முடியாது. எங்கள் பெண்களுக்கு நான் கேட்பதும் அதுதான். ஐயாமார்களே, ஏலியின் ஆசனம் இப்போது உங்களுடையது. அவன் முதலில் செய்ததை விட்டுவிட்டு இரண்டாவதாகச் செய்ததைச் செய்யுங்கள்.

சங்கீதங்களையும் பாருங்கள். 23ஆம் சங்கீதமும் 91ஆம் சங்கீதமும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம். 13ஆம் சங்கீதம் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று தொடங்குகிறது. 88ஆம் சங்கீதத்தை ஞாயிறு ஆராதனையில் வாசித்து நான் கேட்டதே இல்லை. அது ஸ்தோத்திரத்தில் முடியவில்லை. ‘எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்று முடிகிறது. வன்னிக்காரருக்கு இதைவிடக் கிட்டிய வசனம் வேறு என்ன இருக்கிறது? இப்படி ஒரு புலம்பலையும் பரிசுத்த வேதத்துக்குள் வைத்துக் காப்பாற்றித் தந்த கடவுள், அந்தத் தாயின் முடிவு தெரியாத சாட்சியைக் கேட்க வெட்கப்படுவாரா?

எங்கள் பகுதியின் பழைய வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணமும் மன்னாரும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். தங்கள் சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெற்றவனுக்குத்தான் உத்தியோகம். திருமணத்தைப் பதியவும், சொத்துரிமை கேட்கவும் அந்தப் பதிவு வேண்டும். பாடசாலை உபாத்தியாயர் தோம்பு என்ற பதிவேட்டில் எல்லாப் பெயரையும் எழுதிவைத்தார். தோம்பின்படி பார்த்தால் ஊர் ஊராகக் கிறிஸ்தவர்கள் நிறைந்திருந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து, அந்தக் கட்டாயம் போனதும், தோம்பில் இருந்த பெரும்பாலானவர்கள் சபையில் இல்லை. இத்தனைக்கும் ஒல்லாந்தர் எங்கள் சீர்திருத்தப் பக்கத்து ஆட்கள். அந்தக் காலத்திலேயே மாந்தைப் பக்கத்துச் சில கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனார்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் குருவானவர் இல்லை, மணி இல்லை, பதிவேடு இல்லை. 1687இல் யோசவ்வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் கோவாவிலிருந்து வந்துசேரும் வரைக்கும் காட்டிலும் வீட்டுக்குள்ளும்தான் ஜெபித்தார்கள். அந்த விசுவாசம் இன்றைக்கும் நிற்கிறது. நான் மாதா பக்தியில் வளர்ந்தவள் அல்ல. ஆனாலும் எங்கள் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது அந்தத் தோம்பு எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை.

இனிப் பிள்ளைகளைப் பற்றி. நான் கற்பிக்கிற பிள்ளைகள் மனன வசனம் சொல்லிப் பரிசு வாங்குகிறார்கள். நல்லது, வசனம் மனதில் இருந்தால் ஒரு நாள் கை கொடுக்கும். ஆனால் ஒரு சின்ன மகள் என்னிடம், ‘டீச்சர், நான் சத்தமாக ஜெபித்தால்தான் பாஸ்டர் நல்ல பிள்ளை என்கிறார், ஆண்டவருக்கும் சத்தமாகத்தான் கேட்குமா?’ என்று கேட்டாள். மெல்லமாகச் சொன்னாலும் கேட்கும், சொல்லாமல் இருந்தாலும் கேட்கும் என்று சொன்னேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு ஞாயிறும் அவள் கண்ணால் பார்ப்பது வேறு.

பெரிய பிள்ளைகளின் நிலைமை இன்னும் கவலை. கீபோட் வாசிக்கிற பெடியனும், நல்ல குரல் உள்ள பிள்ளையும், ப்ரொஜெக்டர் பார்க்கிறவனும் ஞாயிறு முழுக்க வேலையில் நிற்கிறார்கள். அவர்கள் கடைசியாக ஒரு ஆராதனையில் சும்மா உட்கார்ந்து ஆண்டவரிடம் பேசியது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று ஒரு மாதம் மேடையிலிருந்து இறங்கினால் ‘ஊழியத்தை விட்டுவிட்டான்’ என்கிறோம். பிறகு கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனதும் அவர்களில் பலர் எந்தச் சபைக்கும் போவதில்லை. அதை உலக ஆசை என்கிறீர்கள். மேடை இல்லாத இடத்தில் ஆண்டவரோடு என்ன செய்வது என்று நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நான் சொல்கிறேன். மார்த்தாள் வீட்டில் ஆண்டவர் சொன்னதைக் கவனியுங்கள். சமைத்ததற்காக அவளைக் கண்டிக்கவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கலங்குவதைத்தான் சொன்னார். இளைய குமாரன் உவமையில் வீட்டுக்கு வெளியே நிற்கிற மூத்தவனும் அப்படித்தான். ‘இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து’ என்று கணக்குச் சொல்கிறான். தகப்பன் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லவில்லை. ‘மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்’ என்கிறார். எங்கள் பிள்ளைகள் மூத்தவனைப் போல வளர்ந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறேன்.

காணிக்கையைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஒன்று மட்டும். நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல், கடன்காரர் வருகிற நாளில் பின்பக்கமாகப் போய் ஒளிகிற பெண்கள் எங்கள் வரிசைகளில் இருக்கிறார்கள். இந்தக் கடன் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பது நாடு முழுக்கத் தெரிந்து, 2018இல் அரசாங்கமே வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அந்தப் பெண்களுக்கு முன்னால் காணிக்கை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிக்காதீர்கள். விதவையின் இரண்டு காசைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, மாற்கு 12இல் அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறது.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். ‘ஒழுங்கு இல்லாவிட்டால் சபை கலைந்துவிடும். உபவாசமும் கூடிவருதலும் வேதத்தில் உள்ளவை. எங்கள் சனம் சத்தமாகப் பாடித்தான் மனம் ஆறுகிறது.’ எல்லாம் உண்மை. உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் தாவீது முழு பலத்தோடு நடனம் பண்ணினான், அதை ஏளனமாகப் பார்த்தவள் அவன் மனைவி மீகாள். நான் மீகாளாக இருக்க விரும்பவில்லை. பறையும் மத்தளமும் கூத்தும் உள்ள ஊர் எங்களுடையது, சத்தம் எங்களுக்குப் பிழையாகப் படுவதில்லை. துக்கத்தில் இருந்த ஒரு பெண் ஞாயிறு பாட்டில் எழும்பி நின்று கை தட்டி, வீட்டுக்குப் போய் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியதை நான் அறிவேன். உபவாசத்தையும் ஆண்டவர் நிறுத்தச் சொல்லவில்லை. நீ உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு, அது மனுஷருக்குத் தெரிய வேண்டாம் என்றார். நான் கேட்பதும் அவ்வளவுதான். செய்கிறதைச் செய்யுங்கள். அதை வைத்து ஆட்களை அளக்காதீர்கள்.

உங்கள் மேல் இருக்கிற பாரமும் எனக்குத் தெரியாமல் இல்லை. கனடாவிலும் சுவிசிலும் நோர்வேயிலும் இருந்து உதவுகிறவர்கள் படம் கேட்கிறார்கள். நிறைந்த மண்டபம், உயர்ந்த கைகள், ஞானஸ்நானத் தண்ணீர் இவைதான் படத்தில் தெரியும். ஒருவர் மனதுக்குள் ஆண்டவரோடு சமாதானமானதைப் படம் எடுக்க முடியாது. ஆகவே படத்தில் தெரிகிறது பெருகுகிறது. உங்களில் ஒருவர் என்னிடமே, ‘தங்கச்சி, நான் ஜெபிப்பதெல்லாம் மைக்கில்தான், தனியாக ஜெபித்து நாளாகிவிட்டது’ என்று சொன்னார். அவருக்காக அன்றைக்கு அழுதேன். மாற்கு 3ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பன்னிரண்டு பேரை ஏற்படுத்துகிறார். ‘தம்மோடுகூட இருக்கவும், பிரசங்கம்பண்ணும்படியாகத் தாம் அவர்களை அனுப்பவும்’ என்று எழுதியிருக்கிறது. பிரசங்கம் இரண்டாவதாகத்தான் வருகிறது. உங்களையும் அவர் முதலில் தம்மோடு இருக்கத்தான் அழைத்தார். அதற்கு உங்களுக்கு ஒரு கிழமையில் ஒரு முழு நாள் வேண்டும். அந்த நாளில் கூட்டம் கேட்டு உங்களிடம் வராமல் இருக்க விசுவாசிகளாகிய நாங்கள் பழக வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய மாற்றம் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனையில் ஒரு பத்து நிமிடம் மைக்கையும் கீபோட்டையும் நிறுத்திவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருப்போம். முதல் சில கிழமைகள் சங்கடமாக இருக்கும், பிள்ளைகள் இருமுவார்கள், யாராவது ‘தோத்திரம்’ என்று சத்தமாகத் தொடங்கிவிடுவார்கள். விடுங்கள், பழகிவிடும். சத்தமில்லாமல் தியானத்தில் இருப்பது எங்கள் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் புதிதும் அல்ல. மருதனார்மடத்துக் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்துக்குப் போய்ப் பாருங்கள். பாயில் உட்கார்ந்து ஜெபிக்கிற அந்த வழக்கம் எங்கள் வடக்கிலேயே வளர்ந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு புலம்பல் சங்கீதம் ஒன்றை முழுதாக வாசியுங்கள், விளக்கம் வேண்டாம். சாட்சி நேரத்தில், இன்னும் முடிவு தெரியாதவர்களையும் பேச விடுங்கள். அவர்கள் பேசி முடித்ததும் உடனே ஒரு வாக்குத்தத்த வசனத்தைச் சொல்லி அதை மூடிவிடாதீர்கள். வராமல் போனவர்களின் வீட்டுக்குப் போங்கள். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காமல் தேத்தண்ணி குடித்துவிட்டு, அவர்கள் கேட்டால் மட்டும் ஜெபித்துவிட்டு வாருங்கள். மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில் செத்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிற இடங்களுக்கும் வாருங்கள். மேடைக்கு வர வேண்டாம், சிரட்டையோடு வரிசையில் எங்களோடு நில்லுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கேட்பது கதவைப் பற்றி. ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ ஜெபம் பண்ணு என்று ஆண்டவர் சொன்னார். எங்கள் பெண்களுக்கு அந்த அறை எங்கே இருக்கிறது? வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன வீட்டில் மாமியும் பிள்ளைகளும், சில வேளை மகளின் குடும்பமும் இருக்கிறார்கள். அழுவதற்குக் கூடத் தனி இடம் இல்லை. சிலர் கிணற்றடியில் அழுகிறார்கள். சபை மண்டபமோ கூட்டம் இல்லாத நேரமெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. ஏன் என்று கேட்டால், உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது, மிக்சர் இருக்கிறது, களவு போய்விடும் என்கிறார்கள். நியாயம்தான், அவை விலையான சாமான்கள். ஆனால் ஒரு பெண் ஆண்டவரிடம் வர விரும்புகிற பகல் நேரத்தில், அவளுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் எங்கள் சவுண்ட் சிஸ்டம் நிற்கிறது. எங்கள் சபைப் பெண்கள் சிலர் சந்தைக்குப் போகிற வழியில் கத்தோலிக்கக் கோவிலுக்குள் போய் ஒரு கால் மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அங்கே கதவு திறந்திருக்கிறது, யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இதைத் தெரிந்துகொண்ட ஒரு மூப்பர் அவர்களைக் கண்டித்தாராம். அவர்களைக் கண்டிக்க வேண்டாம். எங்கள் கதவையும் திறப்போம்.

2018 ஏப்ரல் 23ஆம் திகதி இரணைதீவுச் சனம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான இடப்பெயர்வுக்குப் பிறகு, கடற்படையின் அனுமதிக்குக் காத்திருக்காமல் வள்ளங்களில் ஏறித் தங்கள் தீவுக்குப் போனார்கள். கரை இறங்கியதும் பாழடைந்து கிடந்த தங்கள் தேவாலயத்துக்குப் போய் ஜெபித்தார்கள். அங்கே பாட்டுக்குழுவும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. அந்த இடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது, அங்கே இருக்கிறவர் வேண்டியிருந்தார். எங்கள் கட்டடங்களையும் சனம் அப்படித் தேடி வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

செய்யக்கூடிய முறையையும் சொல்லிவிடுகிறேன். சாமான்களைப் பின்பக்க அறையில் வைத்துப் பூட்டலாம். அறை இல்லாத சபைகளில் ஒரு இரும்பு அலுமாரி போதும், அதற்குப் பெண்கள் சங்கத்தில் சீட்டுப் பிடித்துக் காசு சேர்க்கலாம். காலை எட்டு மணி தொடக்கம் பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் திறந்திருக்கட்டும். உள்ளே ஒரு பாயும் ஒரு வேதாகமமும் குடிதண்ணீரும் இருந்தால் காணும். வருகிறவர்களின் பெயரை எழுதிவைக்க வேண்டாம், யார் வந்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லவும் வேண்டாம். சைவச் சனம் வந்து உட்கார்ந்தாலும் அவர்களிடம் துண்டுப்பிரசுரம் கொடுக்காமல் இருக்க விடுங்கள்.

அடுத்த போதகர் ஐக்கியக் கூட்டத்தில் இந்த மடலை ஒருவர் வாசியுங்கள். பிழையாக எழுதியிருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வந்து கேட்கிறேன். சரி என்று பட்டால், ஒரு சபையாவது வருகிற மாதத்தில் தொடங்கிப் பாருங்கள். திறப்பை வைத்திருக்கவும், காலையில் திறந்து கூட்டவும், பின்னேரம் பூட்டவும் ஆள் இல்லை என்ற கவலை வேண்டாம். நாங்கள் சில பெண்கள் முறை வைத்துச் செய்ய ஆயத்தமாக இருக்கிறோம்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு ஞாயிறு பாடசாலை ஆசிரியை